நாற்பத்திரண்டு வாய்கள்

கூடத்தின் நடுவில் கிடந்த அந்த மூட்டையைச் சுற்றிக்கொண்டு போவதா, தாண்டிக்கொண்டு போவதா என்று பெரியவள் ஒரு நிமிடம் நின்று யோசித்தாள். சுற்றிப் போனால் அதற்கு வழிவிட்டதாக ஆகும்; தாண்டினால் அதை மதித்துக் காலைத் தூக்கியதாக ஆகும். முடிவில் காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். பதினைந்து கிலோ மூட்டை அசையவில்லை. கட்டைவிரல்தான் வலித்தது.

"அக்கா, மெதுவா! உள்ள இறக்கை இருக்கு!" என்று சின்னவள் தன் அறையிலிருந்து ஓடிவந்தாள்.

"இறக்கையை யாராவது வீட்டுல கழட்டிப் போடுவாங்களா? முதுகுலயே மாட்டிக்கிட்டுத் திரிய வேண்டியதுதானே?"

சின்னவள் சிரித்தாள். சண்டைக்கு இடமே கொடுக்காத அந்தச் சிரிப்பு பெரியவளுக்குச் சற்றும் பிடிக்காது.

இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். பெரியவள் தையற்காரி, வீட்டின் முன்னறையே அவளுடைய கடை. அவள் போட்ட தையலின் மேல் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். தவறு இருந்தால் அது அளவுகோலில்தான் இருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் எந்தப் பேச்சு தொடங்கினாலும் அவளுடைய கைத்திறனில் வந்து முடிந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் வந்த சின்னவள், ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அவள் மடித்த துணியைப் பெரியவள் பிரித்து மறுபடி மடிப்பாள். அவள் தைத்த பொத்தானைப் பிடுங்கி மறுபடி தைப்பாள். அவள் அடுக்கிய அலமாரியைக் கலைத்து அடுக்குவாள். இதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. சின்னவளின் மடிப்பு உண்மையிலேயே கோணல்தான்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த குடும்பத்தில், நான்கு மாதங்களுக்கு முன், சாப்பாட்டு வேளையில், "நான் மலைமேலருந்து இறக்கை கட்டிப் பறக்கற பாராகிளைடிங் கத்துக்கப் போறேன்" என்று சின்னவள் அறிவித்தாள். அன்றோடு வீட்டின் முகம் வானத்தை நோக்கித் திரும்பிவிட்டது.

முழங்கால் வலியென்று மாடிப்படி ஏறாத மாமியார், மருமகள் பயிற்சி செய்வதைப் பார்க்க மலையடிவாரம்வரை போய்வந்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்றே கவனிக்காத பெரியவளின் கணவர், "நாளைக்குத் தெற்குக் காத்து, சின்னவளுக்கு வசதிதான்" என்று சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார். இவற்றையெல்லாம் பெரியவள் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். பொறுக்க முடியாதது அவளுடைய பத்து வயது மகளின் பள்ளிக் கட்டுரை. 'நான் வியக்கும் மனிதர்' என்பது தலைப்பு. 'என் சித்தி வானத்தில் பறக்கப் போகிறார். என் அம்மா பட்டன் தைக்கிறார்' என்று மகள் எழுதியிருந்தாள். பெரியவள் அதில் இருந்த இரண்டு எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திவிட்டு நோட்டை மூடினாள்.

இப்போது மூட்டை கூடத்தில் கிடந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை; சின்னவள் முதன்முதலாக மலையுச்சியிலிருந்து தனியாகப் பறக்கும் நாள்.

"ஓரத்துல நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல் இருக்கு அக்கா. அதான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பார்த்தேன். நாளைக்கு அங்க பயிற்சியாளர் டேப் ஒட்டிடுவார்."

"ஒட்டுறதா? தையற்காரி வீட்டுல உட்கார்ந்திருக்கும்போது ஒட்டுறதா?"

"ஐயோ, வேணாம் அக்கா. அதுக்குன்னு தனி டேப் இருக்கு. நீங்க தொடாதீங்க. சத்தியமா தொடாதீங்க."

சின்னவள் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள். 'தொடாதீங்க' என்ற சொல் மட்டும் கூடத்திலேயே நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளில் எந்தத் துணியைப் பற்றியும் அந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

பெரியவள் கதவைத் தாழிட்டுவிட்டு மூட்டையை அவிழ்த்தாள்.

உள்ளிருந்து வந்த துணி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. தையல் இயந்திரத்தடியில் தொடங்கி, கூடத்தை நிறைத்து, நாற்காலிகளின் மேல் ஏறி, அடுக்களை வாசலில் போய்த்தான் முடிந்தது. கிழிசலை அவள் உடனே கண்டுபிடித்தாள். பிறகு முன்விளிம்பைப் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விளிம்பு நெடுகிலும் மேல்துணியும் கீழ்த்துணியும் இணையாமல் பிளந்து கிடந்தன. ஒன்றா, இரண்டா? எண்ணினாள். நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் கை முழங்கைவரை உள்ளே போயிற்று.

'முழுசாத் தைக்காத சரக்கைத் தலையில கட்டிட்டானுங்க!' என்று நினைத்தபோது அவளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. நான்கு மாதங்களாக இதை முதுகில் சுமந்து திரிந்தவளுக்கு இந்தக் குறை கண்ணில் படவில்லை. தனக்கு மூன்று நிமிடத்தில் பட்டுவிட்டது. பொறாமைப்படுகிறவருக்கு, பிறர் ஏமாந்த செய்தியைப்போல் மனத்தைக் குளிர்விப்பது வேறொன்றும் இல்லை.

இயந்திரத்தில் தைத்தால் தடம் தெரியும். எனவே கையால் தைத்தாள். துணியின் ஆரஞ்சு நிறத்துக்கு ஏற்ற நூலைத் தேர்ந்தெடுத்து, வெளியே தெரியாத நெருக்கத் தையலாக, முதலில் கிழிசலையும் பிறகு நாற்பத்திரண்டு பிளவுகளையும் ஒவ்வொன்றாக மூடினாள். எதிர்வீட்டு மிதிவண்டிக்காரருக்கு மாலைக்குள் தருவதாகச் சொன்ன மேலங்கி, ஒரு கை இல்லாமல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து, இறக்கையின் அடியில் தொங்கிய கயிறுகள். நூற்றுக்கணக்கில் இருந்தன, விரித்த வேகத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. அந்த அலங்கோலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவளால் ஆகாத காரியம். சீவி, சிக்கெடுத்து, இரண்டாகப் பிரித்து, இடம் வலமாக இரட்டைச் சடை பின்னி, மகளுடைய ரிப்பனால் நுனியில் முடிச்சும் போட்டாள்.

பள்ளிச் சிறப்பு வகுப்பு முடிந்து வந்த மகள் வாயைப் பிளந்தாள். "அம்மா, சித்திக்குத் தெரியுமா?"

"நாளைக்குத் தெரியும். பறந்து இறங்கினதுக்கு அப்புறம், எல்லாரும் கைதட்டி முடிச்ச பிறகு, யாரு முழுசாத் தைச்சுக் கொடுத்தாங்கன்னு நானே நிதானமாச் சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

சின்னவள் திரும்புவதற்குள் மூட்டை பழையபடி கூடத்தில் கட்டிக் கிடந்தது. மறுநாள் காலையில் குடும்பம் முழுவதும் வேன் பிடித்துக் கிளம்பிற்று.

"நீ வரலையா?" என்று கணவர் கேட்டார்.

"எனக்கு மேலங்கி வேலை இருக்கு. எல்லாருமே வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா தரையில இருக்கற வேலையை யார் பார்க்கறது?"

மேலங்கிக்குக் கை வைத்து முடித்த நேரத்தில் மிதிவண்டிக்காரர் வந்தார். நாளெல்லாம் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் நிலையில் இருந்த பெரியவள், மேலங்கியை அவரிடம் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

மேலங்கியை அணிந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் பாதியில் நிறுத்தினார். "எல்லா ஓட்டையையும் அடைச்சிட்டீங்களாம்மா?"

"ஒண்ணுகூட விடலை."

"அப்ப காத்து எது வழியா உள்ள போகும்?"

"அது இறக்கை. அதுக்குள்ள எதுக்குக் காத்து போகணும்?"

"அம்மா, அந்த மலைமேல இருக்கற ஜீப்புக்கு நான்தான் பஞ்சர் பார்க்கப் போவேன். என் கண்ணால பார்த்திருக்கேன். அந்த ஓட்டைங்கதான் அதுக்கு வாய். அது வழியாக் காத்தைக் குடிச்சு உப்பினாத்தான் அது இறக்கை. இல்லேன்னா வெறும் போர்வை. வால்வை அடைச்சிட்டு டயருக்குக் காத்தடிக்க முடியுமா? சொல்லுங்க."

மலையுச்சியிலிருந்து ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டு சின்னவள் குதிக்கும் காட்சி பெரியவளின் கண்முன் வந்தது. அவள் எத்தனையோ முறை சின்னவளின் மூக்கு அறுபட வேண்டுமென்று விரும்பியதுண்டு. கழுத்து முறிய வேண்டுமென்று ஒருநாளும் விரும்பியதில்லை.

சின்னவளின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணவரை அழைத்தாள்.

"நாங்க கீழ உட்கார்ந்திருக்கோம். அவ ஜீப்புல மேல போயிட்டா. என்ன, வாழ்த்துச் சொல்லணுமா?"

"அவளைப் பறக்க வேணாம்னு சொல்லுங்க! உடனே சொல்லுங்க!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "இன்னைக்கு ஒருநாளாவது உன் வயித்தெரிச்சலை மூட்டை கட்டி வைக்கக் கூடாதா?"

"ஐயோ, நான் சொல்றதைக் கேளுங்க, அந்த வாய்..."

"வாயை நீதான் மூடணும்" என்று அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மிதிவண்டிக்காரரின் பழைய மொபெட்டில், பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, தையல் பிரிக்கும் முள்கருவியைக் கையில் ஏந்தியபடி பெரியவள் புறப்பட்டாள்.

"அம்மா, அந்தக் கூரான சாமானை என் முதுகுப் பக்கம் நீட்டாதீங்க."

"நீங்க வேகமாப் போனா நான் ஏன் நீட்டப் போறேன்?"

அவர் வேகமாகப் போனார். அடிவாரத்தில் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் கண்ணில் படாமல், பெரியவள் ஜீப்பில் தொற்றி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

யாரும் இன்னும் பறக்கவில்லை. காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஒரு கம்பத்தில் துவண்டு தொங்கியது. அதனடியில் ஏழெட்டு மாணவர்கள் வட்டமாக நிற்க, பயிற்சியாளர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் இவளுக்கு முதுகு காட்டி நின்றாள். மூட்டைகள் புல்வெளியில் வரிசையாகக் கிடந்தன.

இப்போது அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஓடிப்போய் உண்மையைச் சொல்லலாம்; ஏழெட்டுப் பேர் முன்னிலையில் தலைகுனிய வேண்டும், அதிலும் சின்னவள் முன்னிலையில். அல்லது, யாரும் பார்ப்பதற்குள் தையலைப் பிரித்துவிடலாம். அவள் பிரிப்பதென்று முடிவு செய்தாள்.

சின்னவளின் மூட்டையை ஒரு புதர் மறைவுக்கு இழுத்துச் சென்று இறக்கையை விரித்தாள். சடைகள் இரண்டும் காலில் இடறின. வேலை செய்யும் இடம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. ஆகவே சடைகளை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டி முடிச்சிட்டுக்கொண்டு, இடக்கோடியிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.

தன் தையலின் உறுதியை அன்றுதான் அவள் சபித்தாள். ஒவ்வொரு வாயும் திறக்க மறுத்தது. வியர்வை கண்ணில் இறங்கிற்று. இருபத்தொன்றாவது வாயைத் திறந்து நிமிர்ந்தபோது, கம்பத்தில் இருந்த துணிக்குழாய் துவளாமல் நேராக நிற்பதைக் கண்டாள்.

நாற்பத்திரண்டும் மூடிக் கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிராது. நாற்பத்திரண்டும் திறந்திருந்தால் அதை ஆளத் தெரிந்தவர் ஆண்டிருப்பார். சரிபாதி திறந்திருந்ததுதான் வினை. இறக்கையின் இடப்பாதி 'படார்' என்று உப்பி எழுந்து நின்றது. வலப்பாதி ஈரத்துணியாகத் தொங்கியது. இரண்டுக்கும் நடுவில் இடுப்பில் கட்டுண்டு நின்ற பெரியவள், ஒருமுறை பம்பரமாகச் சுழன்று, சரிவை நோக்கிப் புறப்பட்டாள்.

"யாரது அங்க? யார் அந்தம்மா?" என்று பயிற்சியாளர் அலறினார்.

"அக்கா!" என்று சின்னவள் கத்தினாள்.

பெரியவளின் கால்கள் பத்தடி தூரம் ஓடின. பிறகு ஓடுவதற்குத் தரை கிடைக்கவில்லை. இடுப்பளவு உயரந்தான், இரண்டு மூச்சு நேரந்தான். ஆனால் அந்த இரண்டு மூச்சுக்குள் அவள் ஊர் முழுவதையும் பார்த்துவிட்டாள். தெருக்களில் ஒன்றுகூட நேராக இல்லை என்பதைக் கவனித்தாள். காதில் காற்றைத் தவிர வேறு ஒலியே இல்லை என்பதையும் கவனித்தாள். அப்படியோர் அமைதியை அவள் அதற்குமுன் அறிந்ததில்லை.

பின்னாலிருந்து பாய்ந்து வந்த சின்னவள், உப்பிய இறக்கையின் மேல் அப்படியே விழுந்து அதை இறுக அணைத்துக்கொண்டாள். காற்று வெளியேறிற்று. பெரியவள் புல்லில் முகங்குப்புற இறங்கினாள்.

பயிற்சியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "செத்திருப்பீங்க! தெரியுமா? இன்னும் முப்பதடி போயிருந்தா பாறைதான். தலைக்கவசம் இல்லை, பயிற்சி இல்லை, கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு... நாலு மாசம் சொல்லிக் கொடுக்காம நான் யாரையும் தனியா விடறதில்லை! எலும்பு முறிஞ்சு படுத்தவங்க எத்தனை பேர் தெரியுமா?"

பெரியவள் வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. "தப்பு என்னுதுதான். நேத்து எல்லா வாயையும் நான்தான் தைச்சேன்."

சின்னவள் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "நாப்பத்திரண்டுமா?"

"நாப்பத்திரண்டும்."

"சடை வேற பின்னியிருக்கீங்க."

"சிக்கலா இருந்துச்சு."

"ரிப்பன் எதுக்கு அக்கா?"

"நுனி பிரிஞ்சிடும்ல?" என்ற பெரியவள், இடுப்பிலிருந்த சடை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். "வயித்தெரிச்சல்தான்டி. வேற என்ன? என் பொண்ணுகூட உன்னைப் பத்தித்தான் கட்டுரை எழுதறா. நான் பட்டன் தைக்கறவளாம். ஆனா நீ விழணும்னு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. அது மட்டும் நிஜம்."

சின்னவள் அவளுடைய தலைமுடியிலிருந்த புல்லை எடுத்துவிட்டாள். பிறகு கருவியை வாங்கிக்கொண்டு, மீதமிருந்த இருபத்தொரு வாய்களைப் பிரிக்க உட்கார்ந்தாள். அன்று அவள் பறக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பயிற்சியாளரும் குனிந்து ஒரு தையலை இழுத்துப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். அவருடைய கோபம் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறிற்று. "இதைக் கையாலயா தைச்சீங்க?"

"பின்னே காலாலயா?"

"இறக்கையைத் தொடாதீங்க. உயிர் போனாலும் தொடாதீங்க. ஆனா எங்கிட்ட இறக்கையைச் சுமக்கற பைங்க பதினெட்டு கிழிஞ்சு கிடக்கு. யார்கிட்டக் கொடுத்தாலும் ஒரு மாசத்துல வாயைப் பிளந்துடுது. நீங்க தைச்சுத் தருவீங்களா?"

பெரியவள் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்து நின்றது. முதலில் குதித்தவள் மகள். "அம்மா! நீ பறந்தே! கீழேருந்து பார்த்தோம்! நான் கட்டுரையை மாத்தி எழுதப் போறேன்!"

கணவர் கைப்பேசியோடு வந்தார். "சின்னவள்னு நினைச்சுத்தான் படம் எடுத்தேன். பெரிசாக்கிப் பார்த்தா நீ! ஃபோன்ல நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே."

மாமியார் ஜீப்பிலிருந்து இறங்காமலே தீர்ப்புச் சொன்னார். "சின்னவ நாலு மாசமா முக்கிக்கிட்டு இருந்ததை, பெரியவ நாலே நிமிஷத்துல செஞ்சு காட்டிட்டாளே!"

நான்கு மாதங்களாக எரிந்துகொண்டிருந்த வயிறு ஒரே கணத்தில் அணைந்தது. அணைந்த இடத்தில் அன்பு பொங்கிற்று. பெரியவள் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்து சின்னவளிடம் போனாள்.

"இங்க பாரு, இனிமே நீ தனியா வரவேண்டாம். நானும் சேர்ந்துடறேன். ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு பேரும் ஒண்ணாவே வரலாம், ஒண்ணாவே பறக்கலாம்."

சின்னவளின் விரலில் முள்கருவி குத்திவிட்டது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எதுக்கு அக்கா? கடை இருக்கு, வேலை இருக்கு... உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?"

"என்னடி சிரமம்? உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? உன் பயிற்சிப் படமெல்லாம் பார்த்தேன். இறங்கும்போது காலைக் கோணலா வைக்கறே. கூடவே இருந்தாத்தான் சொல்லித்தர முடியும்."

அவள் அதற்குமேல் தாமதிக்கவில்லை. சேர்க்கைப் பதிவு நடக்கும் கூடாரத்துக்கு நேராக நடந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் பின்னால் வந்தார். சின்னவள் மட்டும் இறக்கையின் நடுவே உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடாரத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்த இளம்பெண் ஒருத்தி படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். வயது கேட்டாள், எடை கேட்டாள், தொழில் கேட்டாள். பெரியவள் ஒவ்வொன்றுக்கும் தலைநிமிர்ந்து பதில் சொன்னாள்.

"கத்துக்க வந்த காரணம்?"

"எங்க வீட்டுச் சின்னவ இங்கதான் கத்துக்கறா. அவளுக்குத் துணையா இருக்கணும்னு வந்தேன். அப்படியே எழுதுங்க."

அந்தப் பெண் எழுதப்போன பேனாவை நிறுத்திவிட்டு, கண்ணாடியைச் சற்றே இறக்கி, பெரியவளை ஆவலோடு ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவங்க தன்னோட படிவத்துல இதே இடத்துல, 'எங்க அக்கா பின்னாடியே வந்து திருத்த முடியாத இடம் ஆகாயம் ஒண்ணுதான்'னு எழுதியிருந்தாங்களே, அந்த அக்கா நீங்கதானா?"